ஊட்டிப் பக்கம் தூண்டில் போட எந்த ஏரி? எமரால்டு, காமராஜ் சாகர், அவலாஞ்சி, பைக்காரா, கொடைக்கானல்

திருப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, மே மாசம் ரெண்டாவது வாரம் மூணு நாள் லீவு. வீட்டுக்காரம்மா, ரெண்டு பசங்க கூட வர்றாங்க. ராடு, ரீல் எல்லாம் ஆன்லைன்ல வாங்கியாச்சு. எமரால்டு போறதா, அவலாஞ்சி போறதா? டிரவுட் கிடைக்குமா?"

ஊர்ப் பெயர் மட்டும் மாறி இதே கேள்வியை வருஷத்துக்குப் பத்துப் பேராவது கேட்கிறார்கள். எல்லோரும் ராடு வாங்கின பிறகுதான் கேட்கிறார்கள்.

நான் குன்னூர்க்காரன். பதினெட்டு வருஷமாக இந்த மலையில் தூண்டில் போடுகிறேன். வெறுங்கையோடு வீடு திரும்பிய நாட்களை எண்ணினால், மீனோடு வந்த நாட்களைப் போல மூன்று மடங்கு வரும். எங்கே கிடைக்கும் என்பதைவிட எங்கே கிடைக்காது என்பதை நான் நன்றாகச் சொல்வேன். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

அனுமதி. நீங்கள் படங்களில் பார்க்கும் நீலநிற ஏரிகளில் பெரும்பாலானவை மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகளின் நீர்த்தேக்கங்கள். பைக்காரா மின்நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி எல்லாம் கனடா நாட்டு உதவியோடு வந்த குந்தா நீர்மின் திட்டத்தின் பிள்ளைகள். இதனால் ஒரு வினோதம்: தண்ணீர் மின்வாரியத்துடையது, கரையில் பெரும்பகுதி வனத்துறையுடையது, உள்ளே நீந்தும் மீன் மீன்வளத்துறைக் கணக்கில் வருவது. மூவரில் ஒருவர் சரி சொன்னால் மற்ற இருவரும் சரி சொன்னதாக ஆகாது.

எனக்கு இது ஒரு காலைப் பொழுதில் புரிந்தது. ஓர் அலுவலகத்தில் பணம் கட்டி வாங்கிய சீட்டோடு ஒரு கரையில் உட்கார்ந்திருந்தேன். காவலர் வந்தார். சீட்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "சீட்டு நல்லாத்தான் இருக்குங்க தம்பி. இது மீனுக்கு. நீங்க உக்காந்திருக்கிற எடத்துக்குச் சீட்டு எங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பிசைந்து வைத்த மாவைக் கரையில் கொட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அன்றிலிருந்து, எந்த ஏரியானாலும் ஊட்டியில் இருக்கும் மீன்வளத்துறை அலுவலகத்தில் சீட்டு கேட்கும்போதே "எந்தக் கரையில் உட்காரலாம்?" என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன். அனுமதியுள்ள நீர்நிலைகளும் கட்டணமும் மாறுபவை. போன வருஷம் ஒருவர் போட்டார் என்பது இந்த வருஷத்துக்கு ஆதாரம் ஆகாது.

மீன். டிரவுட்டா (குளிர்ந்த ஓடைகளில் வாழும் வெளிநாட்டு மீன்) கெண்டையா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் தூண்டிலும் இரையும் வேறு, நேரமும் வேறு, பொறுமையின் அளவும் வேறு.

கரை. புதிதாக வருபவர் யோசிக்கவே மாட்டார். நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். நிற்க இடம் வேண்டும், பின்னால் ராடை வீச மரமில்லாத வெளி வேண்டும், தண்ணீருக்கும் காலுக்கும் நடுவில் சேறு இருக்கக் கூடாது.

கூட வருபவர்கள். நாலு மணி நேரம் தண்ணீரில் மிதக்கும் தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பது உங்களுக்குத் தியானம். பக்கத்தில் இருக்கும் எட்டு வயசுப் பையனுக்குத் தண்டனை.

சாப்பிடவா, விடவா. சில ஏரிகளில் இது ருசி பற்றிய கேள்வி, சிலவற்றில் உடம்பு பற்றிய கேள்வி.

பயண ஏற்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரலில் எண்ணிக்கை வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இ-பாஸ் இலவசம்தான். ஆனால் சனிக்கிழமை காலை திடீரென்று ஆசை வந்து கிளம்பும் பழக்கத்தை மறந்துவிட வேண்டும். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் எடுத்துவாருங்கள், இரையை டப்பாவில் போடுங்கள்.

அவசரக்காரர்களுக்கு ஒரே பார்வையில்:

| இடம் | ஊட்டியிலிருந்து தூரம் | எதிர்பார்க்கக்கூடிய மீன் | கரை | குடும்பத்தோடு |
|---|---|---|---|---|
| எமரால்டு | சுமார் 20 கி.மீ. | கெண்டை | நல்ல கரை, கோடையில் சேறு | பெரிய பிள்ளைகள் என்றால் சரி |
| காமராஜ் சாகர் | சுமார் 10 கி.மீ. | கெண்டை | புல் சரிவு, காற்று | மிகச் சரி |
| அவலாஞ்சி, மேல்பவானி | 28 கி.மீ. முதல் | டிரவுட் (பேச்சில்) | காடு | பார்க்க மட்டும் |
| பைக்காரா | சுமார் 20 கி.மீ. | கெண்டை | பெரும்பகுதி அடைப்பு | படகுக்கு |
| கொடைக்கானல் ஏரி | வேறு மலை | கெண்டை | நடைபாதை | மிகச் சரி |

## எமரால்டு

எனக்குப் பிடித்த இடம். அதனால் குறையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா வழியாகப் போகும்போதே ஊர் மாறுவது தெரியும். சுற்றுலா விடுதிப் பலகைகள் குறைந்து, கேரட் கழுவும் இடங்களும் மூட்டை ஏற்றும் லாரிகளும் வரும். அப்புறம் தேயிலைச் சரிவு, உருளைக்கிழங்கு வயல், அதற்குக் கீழே தண்ணீர். ஏரி ஒரே வட்டமாக இல்லாமல் மலை மடிப்புகளுக்குள் விரல் விரலாக நீண்டு கிடக்கும். தூண்டில்காரனுக்கு அந்த விரல் நுனிகள்தான் முக்கியம். ஓடை வந்து சேரும் இடம் அதுதான். அங்கே ஆழம் குறைவு, வெயில் பட்டுத் தண்ணீர் சீக்கிரம் சூடேறும், கெண்டை மேய வரும்.

இங்கே கெண்டை என்றால் நம் ஊர்க் குளத்துக் கெண்டை இல்லை, சீமைக் கெண்டை. 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்ட ஜெர்மன் வகை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் இந்த மலையில் ஏராளம். அவர்களுக்கெல்லாம் கால் நூற்றாண்டு முன்னாலேயே இந்த மீன் வந்து குடியேறிவிட்டது. இதிலேயே கண்ணாடிக் கெண்டை என்று ஒரு ரகம் உண்டு. முதல் முறை பிடித்தபோது நோய் வந்த மீனோ என்று பயந்துவிட்டேன். உடம்பு பூராவும் செதில் இல்லை. முதுகை ஒட்டியும் நடு விலாவிலும் மட்டும் பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெரிய செதில்கள், யாரோ ஒட்டிவைத்த மாதிரி. மீதி இடமெல்லாம் வழவழப்பான தோல். வாயோரத்தில் இரண்டு ஜோடி மீசை.

இரையை இது கவ்வுவதில்லை. உதட்டைக் குழாய் மாதிரி நீட்டி உறிஞ்சும், பிடிக்கவில்லை என்றால் துப்பும், மறுபடி உறிஞ்சும். மேலே தக்கை லேசாக நடுங்குவது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். நடுங்கின உடனே சுண்டினால் வெறும் தூண்டில் முள்தான் வரும். தக்கை ஒரு பக்கமாக நகர ஆரம்பிக்க வேண்டும், அப்போதுதான் சுண்ட வேண்டும். இந்த வித்தியாசம் கைக்குப் பழக எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

இரைக்குப் பெரிய செலவில்லை. கோதுமை மாவைக் கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கோடு பிசைந்து, முள் மறையும்படி உருட்டினால் போதும். கரையோரப் பையன்கள் ராகிக் களியை உருட்டிப் போட்டு என்னைவிட நிறையப் பிடிக்கிறார்கள். மண்புழுவும் எடுபடும்.

இனி குறைகள். மின்சாரத்துக்குத் தண்ணீர் இழுக்க இழுக்க, மார்ச்சிலிருந்து மழை வரும்வரை மட்டம் இறங்கிக்கொண்டே போகும். போன மாதம் உட்கார்ந்த கல் இந்த மாதம் தண்ணீரிலிருந்து முப்பது அடி தள்ளி நிற்கும். நடுவில் கிடப்பது சேறு. மேலே வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். நடக்கலாம் போலத் தோன்றும், கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். என் மச்சான் ஒரு செருப்பை அங்கே விட்டுவிட்டு, மற்றொன்றைக் கையில் பிடித்துக்கொண்டே வீடு வரை வந்தார். பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்தச் சேற்றை மனதில் வையுங்கள். சரளைக் கல் கரை இருக்கும் பக்கமாகத் தேடி உட்காருங்கள். தண்ணீர் இறங்கும்போது பழைய மரங்களின் வேர்க்கட்டைகளும் மேலே தெரியும். நிறைந்திருக்கும்போது அவைதான் உங்கள் தூண்டில் நரம்பை அறுத்தவை. கோடையில் ஒரு நடை வந்து கட்டைகள் எங்கே என்று குறித்துக்கொண்டு போவது நல்ல யோசனை.

மாலை ஐந்துக்கு மேல் அங்கே இருக்காதீர்கள். தண்ணீர் குடிக்கக் காட்டெருமை வரும். ஒருமுறை எங்களுக்கும் எங்கள் வண்டிக்கும் நடுவில் ஒன்று வந்து நின்றது. முக்கால் மணி நேரம் அதுவும் நகரவில்லை, நாங்களும் நகரவில்லை.

சாப்பிடலாமா? நான் சாப்பிடுகிறேன், அளவோடு. சுற்றிலும் காய்கறித் தோட்டம். அந்த மண்ணும், அடித்த மருந்தில் ஒரு பங்கும் மழையில் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ருசி என்று பார்த்தால் கொஞ்சம் சேற்று வாடை அடிக்கும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, புளி தூக்கலாகக் குழம்பு வைத்தால் சரியாகிவிடும். சதைக்குள் கவட்டை முள் நிறைய, சின்னப் பிள்ளைகளுக்குப் பார்த்துக் கொடுங்கள்.

யாருக்கு: ஒரு முழு நாளை மீனுக்காகவே ஒதுக்க முடிகிறவர்களுக்கு. காலை ஏழுக்கு முன்னால் கரையில் இருக்க முடிந்தால் மட்டும்.

## காமராஜ் சாகர்

சாண்டிநல்லா அணை என்பது பழைய பெயர். ஊட்டியிலிருந்து கூடலூர்ச் சாலையில் போனால் இடது பக்கம், பைன் மரக்காட்டுச் சரிவுக்குக் கீழே தெரியும். அரை நாள்தான் இருக்கிறது என்றால் இதைத் தவிர வேறு இடம் யோசிக்க வேண்டாம்.

பெரிய வசதி, குடும்பத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். பைன் காட்டில் ஒரு பாதி, சோளம் சாப்பிட்டுக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு இருக்கும். நீங்கள் அனுமதித்த கரையில் இருக்கலாம். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்காத தூரம், ஆனால் தேடி வந்துவிடும் தூரம்.

கரை புல் சரிவு, சேறு குறைவு. ஆனால் திறந்த வெளியாக இருப்பதால் பத்து மணிக்கு மேல் காற்று எழும். தக்கை அலையில் ஆடும்போது மீனா காற்றா என்று தெரியாது. அந்த நேரத்தில் தக்கையைக் கழற்றிவிட்டு ஈயக்குண்டோடு தரையில் போட்டு, ராடு நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதன் மறைவிலை வேறு. ஊட்டி ஏரியிலிருந்து வெளியேறும் நீர் கடைசியில் இங்கேதான் சேருகிறது. ஊட்டி நகரத்துக் கழிவு எவ்வளவு, எங்கே கலக்கிறது என்பது ஊர் முழுக்கத் தெரிந்த கதை. அதனால் இங்கே பிடிப்பதை நான் திரும்ப விட்டுவிடுவேன். ஈரக் கையோடு பிடித்து, முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள்ளேயே கொஞ்ச நேரம் தாங்கிப் பிடித்தால் தானாக உதறிக்கொண்டு போகும். கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவைத்தால் வேலை இன்னும் சுலபம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கிருந்து தலைகுந்தா பக்கம்தான். தலைகுந்தாவிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கிவிடலாம் என்று மேப் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை. மேப்பை நம்பிச் சோதனைச் சாவடி வரை போய் அரை மணி நேரம் வீணாக்காதீர்கள்.

## அவலாஞ்சியும் மேல்பவானியும்

டிரவுட் ஆசை பிறக்கும் இடம் இது. ஆசையின் வயதும் அதிகம். நீலகிரியில் டிரவுட் வளர்க்க 1863-லேயே டாக்டர் பிரான்சிஸ் டே முயன்றார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் வழியிலேயே காரியம் கெட்டது. பலரும் முயன்று, கடைசியில் ஹென்றி சார்ல்டன் வில்சன் 1907-ல் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் டிரவுட் இந்த ஓடைகளில் காலூன்றியது. அதற்கும் முன்னால், 1879-லேயே இங்கே வேட்டைக்கும் மீனுக்கும் தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள் வெள்ளைக்காரர்கள். மீன் பிடிக்க எவ்வளவு பிரியப்பட்டார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரவுட்டுக்குக் குளிர்ந்த, ஓடுகிற, பிராணவாயு நிறைந்த தண்ணீர் வேண்டும். 20 டிகிரியைத் தாண்டினால் அதற்குத் திணறல். சோலைக்காட்டு ஓடைகளிலும் அவை விழும் நீர்த்தேக்கங்களிலும் அந்தத் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அந்தச் சோலையெல்லாம் இப்போது பாதுகாக்கப்பட்ட காடு. முக்குருத்தி 1990-ல் தேசியப் பூங்கா ஆனது. வரையாடு வாழும் இடம். அதற்குள் இருக்கும் நீர்நிலையில் தூண்டில் போட்டால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும், அபராதத்தோடு நிற்காது. பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் மேல்பவானி, மேற்கு நீர்ப்பிடிப்பு ஏரிகள், முக்குருத்தி எல்லாம் தூண்டில் இடங்கள் என்று போட்டிருக்கும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

அவலாஞ்சியில் உங்கள் வண்டி சோதனைச் சாவடியோடு நிற்கும். உள்ளே வனத்துறை வண்டியில்தான் போக முடியும். அதுவும் குறிப்பிட்ட இடங்களுக்கு, குறிப்பிட்ட நேரம். ராடோடு அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தால் எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

மழையையும் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி பதிவான கணக்கில், ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் இங்கே கொட்டியது. சென்னைக்கு ஒரு வருஷத்தில் பெய்வதில் பெரும்பங்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் மண்சரிவும் அட்டைகளும்தான். அவலாஞ்சி என்ற பெயரே 1800-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு பெருஞ்சரிவால் வந்தது.

அப்படியானால் யாருக்கு? தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு வரத் தயாராக இருப்பவர்களுக்கு. ஜனவரியில், உறைபனி விலகும் காலை ஒன்பது மணிக்கு, அந்தத் தண்ணீரின் ஓரத்தில் நிற்பதற்காகவே நான் போயிருக்கிறேன். டிரவுட் பிடித்தே தீர வேண்டும் என்றால், அவலாஞ்சிக்குப் புறப்படும் முன் மீன்வளத்துறையிடம் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்மொழி போதாது. "தெரிஞ்சவரு ஒருத்தரு இருக்காரு, கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்கிறவரோடு மட்டும் போகாதீர்கள். மாட்டிக்கொண்டால் அந்தத் தெரிந்தவர் உங்களுக்கு முன்னால் காணாமல் போய்விடுவார்.

## பைக்காரா

சுருக்கமாக முடித்துவிடலாம். தண்ணீர் அழகு, படகு இல்லம் நன்றாக ஓடுகிறது, வேகப்படகு போகும் தண்ணீரில் கெண்டை மேய வராது. படகுத் துறைக்கு அப்பால் போனால் காடு, சீட்டு கேட்பார்கள். முக்குருத்தியில் பிறந்து வரும் பைக்காரா ஆறு தோடர்களுக்குப் புனிதமானது என்பதையும் மனதில் வையுங்கள். குடும்பத்தைப் படகில் ஏற்றிவிட்டு நீங்கள் தூண்டில் போடலாம் என்று திட்டமிட்டால் இரண்டும் அரைகுறையாகும். அருவி வழுக்குப் பாறையில் செல்ஃபி எடுக்கப் போய் விழுந்தவர்கள் கதை வேறு இருக்கிறது.

## பழனி மலைப் பக்கம்: கொடைக்கானல் ஏரி

மதுரை, திண்டுக்கல் ஆட்கள் நீலகிரி வரை வர வேண்டுமா என்று கேட்பார்கள். தூண்டிலுக்காக என்றால் கொடைக்கானல் ஏரியின் பெரிய பலம் அதன் எளிமை. பிரான்சிஸ் டே டிரவுட் கொண்டுவர முயன்ற அதே 1863-ல், மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் ஒரு சதுப்பை அணைகட்டி உண்டாக்கிய ஏரி. சுமார் 60 ஏக்கர், சுற்றிவர ஏறக்குறைய 5 கிலோமீட்டர் சாலை. மீன்வளத்துறைச் சீட்டு வாங்கினால் போதும். காடு இல்லை, யானை இல்லை, பிள்ளைகளுக்குச் சைக்கிள், குதிரை, சாக்லேட் எல்லாம் பத்தடியில். நட்சத்திர வடிவத்தில் கைகள் நீண்டிருப்பதால் படகு வராத மூலைகளைத் தேடிப் பிடிக்கலாம். நீர்ச்செடி அதிகம், முள் அடிக்கடி சிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பிடித்த மீனைச் சாப்பிட நான் சொல்ல மாட்டேன். ஊருக்குள் இயங்கி 2001-ல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று இந்த ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைக் காட்டியது. கழுவினாலும் பொரித்தாலும் பாதரசம் போகாது, சதைக்குள் சேர்ந்திருப்பது அது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் யோசிக்கவே வேண்டாம். பிடித்து விடுவதற்கு மட்டும் இந்த ஏரி.

பேரிஜம் போகலாமா என்று அடுத்த கேள்வி வரும். வனத்துறை அனுமதியோடு, எண்ணிக்கை வரம்போடு பார்க்கப் போகலாம். பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் போகும் ஏரி அது, தூண்டிலுக்கு இடமில்லை. மன்னவனூரும் வனத்துறையின் சுற்றுலா இடம். பரிசல் ஏறலாம், புல்வெளியில் உருளலாம், ஆட்டுப் பண்ணை பார்க்கலாம். ராடை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

## கேட்கவே வேண்டாதவை

ஊட்டி ஏரி: 1824-வாக்கில் ஜான் சல்லிவன் வெட்டியது, இப்போது படகுக்கும் கூட்டத்துக்கும் மட்டும். குந்தா, கெத்தை: மின்நிலையங்களுக்கு நடுவில் இருக்கும் சிறிய அணைகள். மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்கும், அணைக்குக் கீழே ஓடையில் நின்றிருப்பவருக்குச் சைரன் கேட்கும் முன் தண்ணீர் வரலாம். அந்தப் பக்கத்துப் பையன்கள் போடுகிறார்களே என்பார்கள். அவர்களுக்கு அந்த நேரம் எல்லாம் மனப்பாடம். உங்களுக்கு இல்லை.

## எப்போது

கெண்டைக்கு மார்ச் முதல் மே வரை. தண்ணீர் சூடேறினால்தான் அதற்குப் பசி. டிசம்பர், ஜனவரி உறைபனியில் தரையோடு படுத்துக்கொள்ளும், வெயில் ஏறிய மத்தியானத்தில் மட்டும் கொஞ்சம் அசையும். துரதிர்ஷ்டம் என்னவென்றால் ஏப்ரல், மேதான் சீசன். மலர்க் கண்காட்சி நேரத்தில் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு 18 கிலோமீட்டர் போக இரண்டு மணி நேரம் ஆனதுண்டு. அதனால் நான் மார்ச்சில், வார நாளில் போகிறேன். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது முடியாது என்று தெரியும்.

திருப்பூர்க்காரருக்கு நான் எழுதியது இவ்வளவுதான். முதல் நாள் வந்து சேர்ந்ததும் மீன்வளத்துறை அலுவலகம், சீட்டு, பிறகு காமராஜ் சாகரில் இரண்டு மணி நேரம், கை பழக. இரண்டாவது நாள் வீட்டுக்காரம்மா தூங்கட்டும், காலை ஐந்தரைக்குக் கிளம்பி எமரால்டு, பதினொன்றுக்குள் திரும்பிவிடுங்கள். மூன்றாவது நாள் எல்லோரும் சேர்ந்து அவலாஞ்சி, ராடு இல்லாமல்.

இரவே பதில் வந்தது: "அண்ணா, இதை டிரவுட் ராடுன்னு சொல்லி வித்தாங்க. இதுல கெண்டை பிடிக்கலாமா?"

பிடிக்கலாம். அதோடு வந்த மெல்லிய நரம்பை மட்டும் எடுத்துவிட்டு 0.30 மில்லிமீட்டர் நரம்பு சுற்றச் சொன்னேன். பளபளக்கும் ஸ்பின்னர்களை (உலோகப் போலி இரை) பெட்டியிலேயே வைத்துவிட்டு, ஆறாம் எண் முள் ஒரு பாக்கெட், கால் கிலோ கோதுமை மாவு, ஒரு கை பிண்ணாக்கு. சேற்றுக்குப் பழைய செருப்பு போட்டு வரச் சொன்னேன், புதுசு வேண்டாம்.